மாட்டுங்காவில் மசூது சேரின் விரிவுரை

மும்பை விமான நிலைய வாசலில் என் பெயர் எழுதிய அட்டையோடு நின்றவள் நஸ்ரின், பேராசிரியர் மசூதின் மகள். பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் எழுதத்தான் நினைத்தாளாம். பிழை வந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டாளாம். ஐரோலியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். தமிழ் பேசுவாள், ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை ஹிந்திக்குள் போய்த் திரும்புவாள். 'அதாவது' என்று சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் 'மத்லப்' என்றாள்.

வண்டி குர்லாவில் சிக்கி நின்றபோதுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"ஆன்ட்டி, வாப்பாவுக்கு இங்கிலீஷ் போயிருச்சு. மத்லப், நாம சொன்னா புரியுது. திருப்பிச் சொல்ல வரல."

மழைக்காலத்தில் அவருக்கு மூளையில் இரத்தம் கட்டியது எனக்குத் தெரியும். பேச்சு கொஞ்சம் தாமதம், மற்றபடி நலம் என்றுதான் மின்னஞ்சலில் எழுதியிருந்தாள். அவர் ஓய்வுபெறுவதை ஒட்டி, பல வருடம் கற்பித்த மாட்டுங்கா கல்லூரியில் ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். அவருடைய ஆய்வைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். அதற்குத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தேன். ஆங்கில உரை பைக்குள் தயாராக இருந்தது.

எனக்கும் மசூது சேருக்கும் இடையில் நடந்ததெல்லாம் ஆங்கிலத்தில்தான். எங்கள் ஊரில் ஆசிரியர்களைச் 'சேர்' என்போம், அந்தப் பழக்கம் அவருக்கும் ஒட்டிக்கொண்டது. அவர் கலப்பெண் பகுப்பாய்வில் வந்தவர். கோணங்கள் கெடாமல் ஒரு வடிவத்தை இன்னொரு வடிவமாக மாற்றும் கணிதம் அது. ஒரு வட்டத்தை இழுத்து, நெளித்து, பல்லுப்பல்லாய் ஓரம் உள்ள பிரதேசமாக்கலாம். அந்த ஓரத்துக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அதில் முனைவர் பட்டம் வாங்கி, நாற்பது வயதைத் தாண்டும்வரை அதிலேயே வேலை செய்து, ஓர் இடத்தில் முட்டிக்கொண்டார். ஓரம் மிகவும் கரடுமுரடாகிவிட்டால் அவருடைய கருவிகள் வேலை செய்யவில்லை.

அப்போது யாரோ ஒருவருடைய உரையில் ஒரு வாக்கியம் கேட்டாராம். ஓரத்தை வெளியே நின்று அளக்காதே, நடுவில் ஒரு தூசியை விடு, அது திட்டமில்லாமல் அலைந்து எந்த இடத்தில் ஓரத்தைத் தொடுகிறது என்று பார். மறுவாரமே, தன் கல்லூரியிலேயே, தனக்கு இளையவர் எடுத்த நிகழ்தகவு வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுதிய கட்டுரைகளைப் பகுப்பாய்வுக்காரர்கள் இது நிகழ்தகவு என்று திருப்பி அனுப்பினார்கள். நிகழ்தகவுக்காரர்கள் இது பகுப்பாய்வு என்றார்கள். அவற்றில் ஒன்று எப்படியோ அச்சாகி என் கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் நிகழ்தகவு கற்பித்த நான் அதே சுவரின் மற்றப் பக்கத்தில் முட்டிக்கொண்டிருந்தேன். ஒரு படி விளங்கவில்லை என்று எழுதிக் கேட்டேன். அதன் பிறகு சேர்ந்தே எழுதினோம். நேரில் பார்த்தது சென்னை மாநாடுகளில் மட்டும், அங்கேயும் சுற்றி எல்லோரும் இருந்ததால் ஆங்கிலந்தான்.

செம்பூரில் அவர்களுடைய வீடு மூன்றாம் மாடி. படியேறி மேலே போனபோது கதவைத் திறந்துவிட்டு, பிடித்துக்கொள்ளக் கம்பில்லாமல், அவரே நின்றார். மெலிந்திருந்தார். வலது கை சற்றுத் தளர்ந்து தொங்கியது. வழக்கமாக என்னைப் 'புரொஃபஸர்' என்று கூப்பிடுகிறவர். வாயைத் திறந்தார், மூடினார், நெற்றியைச் சுருக்கினார். பிறகு முகம் தெளிந்தது.

"வா தங்கச்சி" என்றார்.

அவர் பேசிய தமிழை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு, தாராவியில் பிறந்து வளர்ந்தது. 'நிக்கான்', 'சொல்லுதான்' என்று வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் ஓர் இடைவெளி. ஆனால் வந்த சொல் சரியான சொல்லாக இருந்தது.

அவருடைய மனைவி ஜமீலா இடியாப்பமும் சொதியும் வைத்தார். சொதி என்றதும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது, கிண்ணத்தைப் பார்த்ததும் போய்விட்டது. எங்கள் சொதி தண்ணீர் மாதிரி, தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயும் வெங்காயமும், கடைசியில் தேசிக்காய்ப் புளி, இங்கத்தைய எலுமிச்சை. இவருடையதில் பருப்பும் காய்கறியுமாகக் கரண்டி நிமிர்ந்து நின்றது. இதைச் சொதி என்று எங்கள் ஊரில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். ஒங்க ஊர்ல உள்ளதை நாங்க கஞ்சித்தண்ணினு சொல்லுவோம் என்றார் ஜமீலா. மசூது சேர் சிரித்தார். சிரிப்பில் எந்த இடைவெளியும் இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவர் கேட்டார், கூட்டத்தில் தான் என்ன செய்யவேண்டும் என்று. நஸ்ரின் நிகழ்ச்சிநிரலைச் சொன்னாள். பொன்னாடை, மாலை, நினைவுப் பரிசு, பிறகு ஆன்ட்டியின் உரை.

"நான் பேசுதேன்" என்றார்.

அவர் மூச்சை இழுத்துக்கொண்டு தொடர்ந்தார். "இத்தன வருசம் அந்த ஹால்ல நின்னு பேசியிருக்கேன். மாலயப் போட்டுக்கிட்டு... போட்டோ மாதிரி உக்கார மாட்டேன்."

ஜமீலா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சற்றுப் பொறுத்து என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். நடுவில் நின்றுபோனால் எல்லோரும் பரிதாபமாகப் பார்ப்பார்கள், அதை இவர் தாங்கமாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார் என்றார். நான் உண்மையில் ஜமீலாவின் பக்கந்தான் இருந்தேன். எனக்கும் அதுதான் பயம்.

மறுநாள் நஸ்ரினோடு மாட்டுங்கா போனேன். குர்லாவில் வண்டி மாறவேண்டும். வந்து நின்ற முதல் ரயிலில் ஏறு என்று கூட்டமே எங்களை ஏற்றிவிட்டது. அது விரைவு வண்டி, மாட்டுங்காவில் நிற்காது. நிலையத்தின் பெயர்ப்பலகை கண்முன்னால் ஓடி மறைந்தது. தாதரில் இறங்கித் திரும்பி வந்தோம். யாழ்ப்பாணத்தில் ரயிலைத் தவறவிட்டால் அடுத்த நாளைப் பற்றி யோசிப்போம். இங்கே ஓர் ஊரைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பி வந்து, காப்பியும் குடித்தோம். அந்தக் காப்பிக் கடையில் பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்கள் பாலக்காட்டுத் தமிழில் வங்கி வட்டியைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். வெளியே தள்ளுவண்டியில் வடா பாவ். அந்த 'பாவ்' ரொட்டி எங்கள் 'பாண்' தான், இரண்டும் போர்த்துக்கேயனிடம் வாங்கியது. எங்களுடையது பெரிய கட்டி, இது கைக்குள் அடங்குவது.

துறைத்தலைவர் ஒரு மராத்திப் பெண்மணி, மசூது சேரின் பழைய சக ஆசிரியை. சேர் தாமே பேச ஆசைப்படுகிறார், தமிழ்தான் வரும் என்று நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: மசூது இந்த நகரத்திலேயே மிகத் தெளிவாகப் பாடம் எடுத்தவர், மாணவர்கள் அவரை அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அதோடு இங்கே பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாதே.

அதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. நானும் முந்திய இரவெல்லாம் அதையே நினைத்திருந்தேன். ஆனால் 'நினைவில் வைத்துக்கொள்ளட்டும்' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. செம்பூர் வீட்டில் உட்கார்ந்து, எங்கள் கடைசிக் கட்டுரையின் ஐந்தாம் பகுதி சரியில்லை என்று முந்திய நாள் சாயந்தரம் இடதுகையால் கோடு கிழித்துக் காட்டியவர் நினைவில் வைக்கப்படும் ஆளில்லை. என் நேரத்தை அவருக்குக் கொடுங்கள், அவர் தமிழில் பேசட்டும், நான் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்கிறேன் என்றேன். துறைத்தலைவர் சரி என்றார். முடியாமல் போனால் நான் உடனே என் உரையைத் தொடங்கிவிடவேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார்.

அன்று பின்னேரம் தயாரிப்பைத் தொடங்கினோம். சிக்கல் சொற்களில் வந்தது. அவர் பத்தாம் வகுப்புவரை மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படித்தவர். வட்டம், ஆரம், கோணம், நிகழ்தகவு எல்லாம் அங்கே படித்தவை, அவை தடையில்லாமல் வந்தன. அதற்கு மேல் படித்ததெல்லாம் ஆங்கிலம். நான் பல்கலைக்கழக வாசல்வரை தமிழிலேயே கணிதம் படித்தவள், அதனால் சொல் என்னிடம் இருந்தது. ஆனால் எல்லாம் இலங்கைச் சொல். கலப்பெண்ணை நாங்கள் சிக்கலெண் என்போம்.

"சிக்கல்னு சொன்னா பிள்ளைங்க ஓடிரும்" என்றார் அவர்.

ஜமீலா உள்ளேயிருந்து, கலப்புதான் நல்லா இருக்கு என்று குரல் கொடுத்தார். அப்படியே முடிவானது. சில சொற்கள் இரண்டு நாட்டிலும் கிடைக்கவில்லை. அவற்றுக்கு நீட்டிமுழக்கிச் சொன்னோம். 'கோணம் கெடாத மாற்றம்' அப்படி வந்ததுதான். அவர் ஒரு சொல்லைத் தேடி நின்றபோது இரண்டு மூன்று தடவை நான் முந்திக்கொண்டு சொன்னேன். மூன்றாம் தடவை கையை நீட்டி நிறுத்தினார்.

"நீ எடுத்துக் குடுக்காத. அது... வரும். வழி மறிக்காத."

அடுத்த நாள் தாராவிக்குப் போனோம். அவருடைய தம்பி காஜா அங்கே தோல்பை செய்யும் பட்டறை வைத்திருக்கிறார், மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கீழே இயந்திரங்கள், மேலே ஏணி வைத்து ஏறும் ஒரு பரண். அங்கேதான் அண்ணன் படித்தான் என்று காஜா காட்டினார். கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் வகுப்பில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லையாம். இங்கிலீஷ். கணக்கு வகுப்பில் மட்டும் ஆசிரியர் அதிகம் பேசாமல் பலகை முழுக்க எழுதுவாராம். அதைப் பார்த்து எழுதிவந்து, இந்தப் பரணில் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பாராம். வேறு பாடம் எதையும் எடுக்க வழியில்லாமல் கணக்கு எடுத்தான் என்றார் காஜா. மசூது சேர் தலையாட்டினார். பிறகு மெதுவாக, அது பொய், பிடித்துத்தான் எடுத்தேன் என்றார்.

சாப்பிட்டுக் கிளம்பி நைன்டி ஃபீட் ரோட்டுக்கு வந்த பிறகுதான் என் கைப்பையைப் பட்டறையில் விட்டுவிட்டது தெரிந்தது. அவரையும் காஜாவையும் ஒரு தேநீர்க்கடையில் உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் திரும்பினேன். பையை எடுத்தது வரை சரி. திரும்பும்போது ஒரு சந்து தவறியது. இரண்டு ஆள் ஒதுங்கி நடக்கிற அகலம், மேலே வீடுகள் முட்டிக்கொண்டு நிற்க வெயில் கீழே இறங்கவில்லை. பிளாஸ்டிக் தரம்பிரிக்கும் இடம், அதையடுத்து களிமண் பானைகள் காய்கிற வெளி, பிறகு மறுபடி தோல் வாசனை. குடம் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு பெண் நேரா போங்க என்றாள். நேர் என்று ஒன்று அங்கே இல்லை. ஒவ்வொரு முனையிலும் எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு பக்கம் திரும்பினேன். கடைசியில் பேருந்துகள் விரையும் பெரிய சாலை ஒன்றில் வெளியே வந்தேன். அது பாந்திரா போகும் இணைப்புச் சாலை. அவர்கள் உட்கார்ந்திருந்ததற்கு வேறொரு திசை.

காஜா வந்து அழைத்துப்போனார். நான் வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றபோது மசூது சேர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை, சந்தோஷம் இருந்தது. எந்தெந்த இடத்தில் திரும்பினாய் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அதுதான், அதுதான் என்று இடதுகையால் மேசையைத் தட்டினார். விரிவுரையின் தொடக்கம் கிடைத்துவிட்டது.

கூட்டத்தன்று ஆட்டோவில் கிளம்பினோம். ஆட்டோக்கள் சயானைத் தாண்டி நகரத்துக்குள் போகக்கூடாது என்பது அங்கத்தைய விதி. சயானில் இறக்கிவிட்டான். டாக்சிக்காரர்கள் மாட்டுங்கா என்றதும் கிட்டத்தில் இருக்கிறது என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது, ஜமீலா முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். மசூது சேர் எதுவும் சொல்லாமல் வந்து நின்ற சிவப்புப் பேருந்தில் ஏறிவிட்டார். நாங்கள் பின்னால் ஓடி ஏறினோம். நடத்துநர் வந்து எங்கே என்று ஹிந்தியில் கேட்டதும், யாரும் வாயைத் திறக்குமுன் அவர் "சார் மாட்டுங்கா" என்றார். ஹிந்தியில் 'சார்' என்றால் நாலு, நாலு மாட்டுங்கா. மூன்று மாதமாக அவர் வாயிலிருந்து ஹிந்தி வரவில்லை என்று நஸ்ரின் என் காதில் சொன்னாள். அவருக்கே வியப்பாக இருந்தது போலும், சீட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மண்டபம் நிரம்பியிருந்தது. பொன்னாடையைப் போர்த்தியதும் அதை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு இடதுகையில் சுண்ணக்கட்டியை எடுத்தார். பலகையில் ஒரு கோணல் வட்டம் வரைந்தார்.

"இது தாராவி" என்றார். "யாழ்ப்பாணத்துல இருந்து... ஒரு தங்கச்சி வந்தா. நேத்து இதுக்குள்ள வழி தெரியாம நிக்கா."

என்னைப் பற்றியே நான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டி வந்தது. மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எல்லோருடைய தோளும் இறங்கியதை மேடையிலிருந்து பார்த்தேன். அவர் மேலே தொடர்ந்தார். அவளுக்குத் திட்டம் கிடையாது, நினைவு கிடையாது, ஒவ்வொரு முனையிலும் மனம்போனபடி திரும்புகிறாள். எந்தச் சாலையில் வெளியே வருவாள்? யாராலும் சொல்லமுடியாது. ஆனால் இந்தச் சாலைக்கு இத்தனை வாய்ப்பு, அந்தச் சாலைக்கு அத்தனை வாய்ப்பு என்று சொல்லலாம். இப்போது தாராவியை, கோணங்கள் கெடாமல், ஒரு நல்ல வட்டமாக மாற்றுங்கள். வாய்ப்புகள் மாறுவதில்லை. நடை அதே நடைதான். வேகம் மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் உற்சாகமாகிவிட்டேன். அவர் சொன்னதோடு, இது எந்த மாற்றத்துக்கும் பொருந்தும் என்று என் பங்குக்கு ஒரு வரி சேர்த்து மொழிபெயர்த்தேன். அவர் சட்டென்று திரும்பினார்.

"நான் அப்படிச் சொல்லல. கோணம் கெட்டா... பொருந்தாது."

மறுபடி சிரிப்பு. முன்வரிசையில் துறைத்தலைவர் கைதட்டினார். மசூது சேருக்கு ஆங்கிலம் முழுவதும் விளங்குகிறது என்பது அந்தக் கணத்தில் மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

பிறகு அது நடந்தது. கரடுமுரடான ஓரத்துக்கு வந்தார், அவருடைய வாழ்நாள் வேலைக்கு. 'எல்லை' என்ற சொல் வேண்டும், முந்திய நாள் பத்துத் தடவை சொன்ன சொல். வரவில்லை. கட்டியைப் பலகையில் வைத்தபடி நின்றார். மின்விசிறிச் சத்தம் கேட்டது. ஜமீலா தலையைக் குனிந்துகொண்டார். சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. துறைத்தலைவர் என்னைப் பார்த்தார், அந்த நிபந்தனையைத்தான் சொல்கிறார் என்று விளங்கியது. நான் பார்வையை விலக்கிக்கொண்டு பலகையையே பார்த்து நின்றேன். ஒரு ஆசிரியையாக என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வேலை எதுவும் செய்ததில்லை.

அவர் கையை மெதுவாக அந்தக் கோணல் வட்டத்தின் மேலே ஓட்டிக்கொண்டு போனார். "கரை" என்றார். எல்லையை விட அது நல்ல சொல். ஏறி இறங்கி, உள்ளே வளைந்து, கடல் அரித்த கரை மாதிரியான ஓரங்களைப் பற்றித்தான் அவர் இருபது வருடமாக எழுதினார். நான் ஆங்கிலத்திலும் 'ஷோர்', கரை என்றே சொன்னேன். அதன் பிறகு தடங்கல்கள் வந்தன, ஆனால் யாரும் பயப்படவில்லை. அவர் நின்றால் மண்டபமும் நின்றது. சொல் வந்ததும் எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

முடிந்ததும் கேள்விகள். ஒரு மாணவன் நிறுவலைப் பற்றிக் கேட்டான், ஒருவர் மேற்கோள் கேட்டார். கடைசியில் பின்வரிசையிலிருந்து நஸ்ரின் எழுந்தாள். அவள் அப்பாவின் வகுப்பில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்று பிறகு சொன்னாள். அப்போது முகம் சிவந்து, தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டாள்.

"வாப்பா, கரையே இல்லனா? மத்லப், ஊர் முடியவே இல்லனா, அந்த ஆன்ட்டி என்ன ஆவாங்க?"

கணிதத்தில் அது நல்ல கேள்வி. அவர் கட்டியைக் கீழே வைத்தார். சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"அலைஞ்சுக்கிட்டே இருப்பா. பொறப்பட்ட இடத்துக்குப் பக்கத்துல... திரும்பத் திரும்ப வருவா. ரொம்பப் பக்கத்துல. ஆனா அதே புள்ளிக்கு... வர மாட்டா."

சொல்லிவிட்டு மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் நஸ்ரின் மண்டபத்தின் பக்கம் திரும்பி, அவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கியிருந்தாள். மெதுவாக, அவர் விட்ட இடைவெளிகளையும் விட்டு. அவர் தலையைச் சாய்த்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். அவள் முடித்ததும், சரிதான் என்று தலையசைத்தார்.